யோனா, யூனுஸ், ஜோனஸ்: ஒரு பெயரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் மொழிபெயர்ப்பு வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு. இரண்டு இடத்திலும் யோனா என்ற பெயர் என்னை விட்டபாடில்லை. "இந்தக் கதையில் ஒரு மாலுமியை ஜோனா, ஜோனா என்று திட்டுகிறார்களே, இதைத் தமிழில் எப்படிப் போடுவது?" என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். "எங்க கிளாஸ் யூனுஸ் பேரும் யோனா பேரும் ஒண்ணாமே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

யோனா யாரு? கதை முழுசா தெரியாது, சுருக்கமா சொல்லுங்களேன்.

பழைய ஏற்பாட்டில் நான்கே அதிகாரம் உள்ள ஒரு சின்னப் புத்தகம் யோனா. அமித்தாயின் மகன் யோனாவை, அசீரியர்களின் பெருநகரமான நினிவேக்குப் போய் அதன் அழிவை அறிவிக்கச் சொல்கிறார் கடவுள். யோனா எதிர்த்திசையில் போகிறார். யோப்பா துறைமுகத்தில் கூலி கொடுத்து, தர்ஷீசுக்குப் போகும் கப்பலில் ஏறிவிடுகிறார். கடலில் புயல் அடிக்கிறது. யாரால் இந்த ஆபத்து என்று மாலுமிகள் சீட்டுப் போட, சீட்டு யோனாவின் பெயருக்கு விழுகிறது. "என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள்" என்று அவரே சொல்கிறார். போடுகிறார்கள், கடல் அடங்குகிறது, ஒரு பெரிய மீன் அவரை விழுங்குகிறது. மூன்று நாள் கழித்து அது அவரைக் கரையில் கக்குகிறது.

அப்புறம் நினிவேக்குப் போகிறார். இன்னும் நாற்பது நாளில் நகரம் கவிழ்க்கப்படும் என்கிறார். ராஜா முதல் எல்லோரும் இரட்டு உடுத்தி மனம் திரும்ப, நகரம் தப்புகிறது. அதற்காக யோனா கோபப்படுகிறார். நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தவருக்கு ஒரு செடி நிழல் தருகிறது. மறுநாள் அதைப் பூச்சி அரித்துவிடுகிறது. நீ நட்டு வளர்க்காத ஒரு செடிக்காக இவ்வளவு பரிதாபப்படுகிறாயே, வலது கை எது இடது கை எது என்று தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான மனிதரும் அத்தனை மிருகங்களும் உள்ள நகரத்துக்காக நான் பரிதாபப்படக் கூடாதா என்று கடவுள் கேட்கும் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்பது எழுதப்படவில்லை.

இதே பெயரில் ஒரு தீர்க்கதரிசியை 2 இராஜாக்கள் 14:25இலும் பார்க்கலாம். இரண்டாம் யெரொபெயாம் ஆட்சிக்காலம், அதாவது கி.மு. 8ஆம் நூற்றாண்டு. ஊர் காத்தேப்பேர்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

புறா. எபிரேயத்தில் 'யோனா' என்றாலே புறாதான். பேழையிலிருந்து நோவா வெளியே விட்ட பறவைக்கும் மூல மொழியில் இதே சொல்தான். தமிழ் வேதாகமத்தில் அது புறா என்று மொழிபெயர்க்கப்பட்டிருப்பதால் நமக்கு அந்த ஒற்றுமை தெரிவதில்லை. எபிரேயத்தில் வாசிக்கிற குழந்தைக்கு, புறா என்ற பெயருள்ள ஒருவரைக் கப்பலில் ஏற்றுகிற கதை இது. இலக்கணப்படி அந்தச் சொல் பெண்பால். இன்றைய இஸ்ரேலில் யோனா என்ற பெயர் ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு.

யோனா, ஜோனா, ஜோனஸ், யூனுஸ்... எல்லாம் ஒரே பேர்தானா?

ஆமாம், ஒரே பெயர்தான். எபிரேயத்தில் யோனா. கிரேக்கத்துக்குப் போகும்போது, ஆண் பெயர் 'ஆ' என்று முடிந்தால் இலக்கணத்துக்கு ஒத்துவராது என்பதால் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்ந்து 'இயோனாஸ்' ஆனது. லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. லத்தீன் வழியே வந்த மொழிகளில் பிரெஞ்சுக்கு ஜோனாஸ், ஸ்பானியத்துக்கு ஹோனாஸ். இத்தாலியர்கள் 'ஸ்'ஸை விட்டுவிட்டு ஜோனா என்கிறார்கள். எத்தியோப்பியாவில் யோனாஸ், ரஷ்ய மொழியில் இயோனா, ஆர்மீனியத்தில் ஹோவ்னான். அரபியில் யூனுஸ். அங்கிருந்து துருக்கி, பாரசீகம், உருது, வங்காளம், நம் ஊர் முஸ்லிம் வீடுகள் வரைக்கும் யூனுஸ்தான்.

ஆங்கிலத்தில் இரண்டு வடிவமும் ஓடுகிறது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்து மொழிபெயர்த்தார்கள், அங்கே ஜோனா. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தார்கள், அங்கே அதே ஆள் ஜோனஸ். பின்னால் வந்த பதிப்புகள் இரண்டு இடத்திலும் ஜோனா என்று ஒன்றாக்கிவிட்டன. ஆனால் மனிதர்களின் பெயராக ஜோனஸ் நிலைத்துவிட்டது. போலியோ தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்த ஜோனஸ் சால்க், வங்கதேசத்தின் முகமது யூனுஸ் இரண்டு பேரும் ஒரே தீர்க்கதரிசியின் பெயரைத்தான் சுமக்கிறார்கள். இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கிலீஷ்ல ஜோனா, தமிழ்ல ஏன் யோனா? யார் மாத்தினது?

மாற்றியது ஆங்கிலம்தான். எபிரேய எழுத்தின் ஒலி 'ய'. கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் எல்லாம் அந்த ஒலியை வைத்துக்கொண்டன. பிரெஞ்சின் பாதிப்பால் ஆங்கிலத்தில் அது 'ஜ' ஆனது. தமிழில் வேதாகமத்தை முதலில் மொழிபெயர்த்தவர்கள் மூல மொழிகளைப் பார்த்து வேலை செய்த ஜெர்மானியர்கள். அதனால் யோசேப்பு, யோவான், யோனா, எரேமியா, எருசலேம் எல்லாம் மூலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆங்கிலப் பள்ளியில் ஜோனா என்று கற்றுக்கொண்டு வருகிற பிள்ளையைத் திருத்த வேண்டியதில்லை. நம்முடைய உச்சரிப்புதான் பழையது என்று சொன்னால் போதும்.

அப்போ யூனுஸ் நபியும் யோனாவும் ஒரே ஆள்தானே? கதையும் ஒண்ணா?

ஒரே ஆள்தான். கதையும் பெரும்பாலும் ஒன்றுதான், அழுத்தம் மட்டும் மாறுகிறது. குர்ஆனின் 10ஆம் அத்தியாயத்துக்கு 'யூனுஸ்' என்றே பெயர். ஆனால் கதை விரிவாக வருவது 37ஆம் அத்தியாயத்தில்: நிறைந்த கப்பலுக்கு அவர் ஓடியது, சீட்டுப் போட்டது, மீன் விழுங்கியது, கரையில் அவர்மேல் ஒரு கொடி முளைத்தது, ஒரு லட்சம் பேர் அல்லது அதற்கும் அதிகமானோரிடம் அவர் அனுப்பப்பட்டது. 10ஆம் அத்தியாயத்தில் உள்ள வசனமோ, வேதனை வருமுன் நம்பி அதனால் பயனடைந்த ஊர் யூனுஸின் மக்களைத் தவிர வேறு இல்லை என்கிறது. 21:87இல் அவருக்கு 'துன்னூன்' என்று பெயர், 68ஆம் அத்தியாயத்தில் 'மீனின் தோழர்'. 'நூன்' என்றால் மீன், 'துன்னூன்' என்றால் மீனுக்குரியவர். அப்பாவின் பெயர் அமித்தாய் என்பது இஸ்லாமிய மரபில் மத்தா ஆகியிருக்கிறது: யூனுஸ் இப்னு மத்தா.

முஸ்லிம் வீடுகளில் இந்தப் பெயரோடு முதலில் நினைவுக்கு வருவது மீன் இல்லை, துஆ என்கிற வேண்டுதல். இருளுக்குள்ளிருந்து யூனுஸ் நபி கூப்பிட்ட அந்த வரியை ("லா இலாஹ இல்லா அன்த..." என்று தொடங்குவது) நெருக்கடி வரும்போதெல்லாம் ஓதுவார்கள். என் பக்கத்து வீட்டு அம்மா மகனுடைய அறுவை சிகிச்சை நடந்த அன்று காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். யோனா புத்தகத்தின் இரண்டாம் அதிகாரமும் மீனின் வயிற்றிலிருந்து செய்த ஜெபம்தான். நம் பிள்ளைகளுக்கு மீனைச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தோமா என்று அன்றைக்கு யோசித்தேன்.

மீனா, திமிங்கலமா?

எபிரேயத்தில் 'பெரிய மீன்', அவ்வளவுதான். மத்தேயு 12:40இல் உள்ள கிரேக்கச் சொல் 'கேட்டோஸ்', கடலின் பெரும் பிராணி என்று பொருள். திமிங்கல இனத்துக்கு விலங்கியலில் உள்ள பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1611 ஆங்கில வேதாகமம் யோனா புத்தகத்தில் பெரிய மீன் என்றும் மத்தேயுவில் திமிங்கலம் என்றும் போட, படப்புத்தகங்கள் திமிங்கலத்தைப் பிடித்துக்கொண்டன. தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் பெரிய மீன்தான். ரோமின் பழைய நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் வரைந்த யோனா ஓவியங்களில் அது மீனும் இல்லை, திமிங்கலமும் இல்லை. சுருண்ட வாலுள்ள ஒரு கடல் பூதம்.

எங்க பைபிள்ல ஆமணக்கு, குர்ஆன்ல சுரைக்கொடி, இங்கிலீஷ்லயும் சுரை மாதிரி ஏதோ. எது சரி?

எபிரேயச் சொல் 'கிக்காயோன்'. அந்தப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் வராத சொல் என்பதால் ஆளுக்கொரு செடியைச் சொன்னார்கள். ஆமணக்கு என்பதுதான் இன்று பலரும் ஏற்கிற பொருள். கிடுகிடுவென வளர்ந்து அகல இலை விடும் செடி. நம் ஊர் வேலியோரத்தில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்த ஒரு சொல்லுக்காக ஒரு சபையே கொந்தளித்திருக்கிறது. பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் அது சுரை. வேதாகம அறிஞர் ஜெரோம் லத்தீனில் புதிதாக மொழிபெயர்த்தபோது ஐவி என்ற படர்கொடியைப் போட்டார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரத்தில், இன்றைய திரிப்போலியில், ஆயர் அதை வாசித்ததும், தலைமுறை தலைமுறையாகச் சுரை என்று கேட்டுப் பழகிய மக்கள் கொதித்தெழுந்தார்கள். சபையே தன்னை விட்டுப் போய்விடும் நிலை வந்ததும் ஆயர் சொல்லைத் திருத்திக்கொண்டார். 403ஆம் ஆண்டு வாக்கில் இறையியலாளர் அகஸ்டின் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலையில் உள்ள யாரும் இதை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார்கள். காதுக்குப் பழகிய சொல்லைத் தொடும்போது எனக்கு இன்றும் ஓயா நினைவு வரும்.

ஆங்கிலத்தில் ஒருத்தரை 'ஜோனா' என்றால் என்ன பொருள்?

கூட இருக்கிறவர்களுக்குத் துரதிர்ஷ்டத்தைக் கொண்டுவருகிறவர். மாலுமிகளின் பேச்சிலிருந்து வந்த வழக்கு இது. காற்று செத்துப் போனாலும், புயல் வந்தாலும், மீன் படாவிட்டாலும், "நம் கப்பலில் ஒரு ஜோனா இருக்கிறான்" என்று யாராவது ஒருவனைச் சுட்டுவார்கள். தீர்க்கதரிசியே கடவுளின் ஆள் என்பதால், பாதிரியார்களைக் கப்பலில் ஏற்றுவதற்கும் பழைய மாலுமிகள் தயங்கினார்கள். பின்பு சொல் கரையேறி, விளையாட்டு அணிக்கும் அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது வினைச்சொல்லாகவும் வரும்: ஒருவனை 'ஜோனா செய்வது' என்றால் அவன் காரியத்துக்குத் தரித்திரம் பிடிக்க வைப்பது. 'ஜோனாவைக் கடலில் தள்ளுவது' என்றால், கூட்டத்தைக் காப்பாற்ற ஒருவரைப் பலி கொடுப்பது.

கதையில் அப்படித்தானே நடந்தது? அவரால்தானே புயல் வந்தது? அப்புறம் அந்தப் பயன்பாட்டில் என்ன தப்பு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பதில் சொல்லியிருக்கிறேன். புயல் வந்ததற்குக் காரணம் யோனாவின் ராசி இல்லை, அவர் செய்த ஒரு காரியம். அவருக்கே அது தெரியும், அவரே ஒத்துக்கொள்கிறார். பிறவியிலேயே ஒட்டிக்கொண்ட பீடை என்பதற்குக் கதையில் இடமே இல்லை. அதே ஆள் நினிவேக்குப் போனதும் ஒரு நகரமே பிழைக்கிறது.

அதைவிட முக்கியம் மாலுமிகள். முதல் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். சீட்டு விழுந்த பிறகும் அவர்கள் யோனாவைத் தள்ளவில்லை. நீ யார், எந்த ஊர், என்ன செய்தாய் என்று விசாரிக்கிறார்கள். "என்னைப் போட்டுவிடுங்கள்" என்று அவர் சொன்ன பிறகும், 13ஆம் வசனத்தில், கரைசேர்க்க முடியுமா என்று மூச்சுப் பிடித்துத் துடுப்பு வலிக்கிறார்கள். முடியவே முடியாது என்றான பிறகுதான், குற்றமில்லாத இரத்தப்பழி எங்கள்மேல் வர வேண்டாம் என்று ஜெபம் பண்ணிவிட்டுத் தூக்குகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவனுக்காக அந்த வேற்று நாட்டார் இவ்வளவு பாடுபட்டார்கள். பின்னால் வந்த கப்பல்காரர்கள் இந்த மாலுமிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது சீட்டை மட்டும்தான், துடுப்பை விட்டுவிட்டார்கள். எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

சரி, தமிழில் மொழிபெயர்க்கும்போது என்ன போடுவது?

இடத்தைப் பொறுத்தது. அலுவலகக் கதை, விளையாட்டுச் செய்தி என்றால் 'ராசியில்லாதவன்' போதும். கோபமாகத் திட்டுகிற இடத்தில் 'பீடை', 'தரித்திரம்' என்று நம் வாயில் வருவதையே போடலாம். அங்கே 'ஜோனா' என்று எழுதினால் பாதி வாசகர்களுக்குப் புரியாது.

கடல் கதை என்றால் நான் பெயரை விடமாட்டேன். 'யோனா' என்றே வைத்து, முதல் முறை வரும்போது பக்கத்திலேயே அரை வரி சேர்ப்பேன்: 'புயலைக் கூட்டி வருகிற யோனா' என்பது மாதிரி. ஏனென்றால் அங்கே மாலுமிகள் சும்மா திட்டவில்லை. அவனை என்ன செய்யப்போகிறார்கள் என்பதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. 'ராசியில்லாதவன்' என்று போட்டால் அந்தப் பயம் போய்விடும்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். 'ராசியில்லாதவள்' என்ற சொல் நம் வீடுகளில் புதிதாக வந்த மருமகள்மேலும் கணவனை இழந்த பெண்மேலும் விழுந்திருக்கிறது. அந்தச் சொல் யாரைச் சுட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் அதை எழுதுவேன்.

எங்க பாஸ்டர் 'யோனா மாதிரி ஓடாதே'ன்னு சொல்றாரே. அது வேற அர்த்தமா?

வேறுதான். தமிழ்ப் பிரசங்கத்தில் யோனா என்றால் ஊழிய அழைப்புக்குத் தப்பி ஓடுகிறவர். 'தர்ஷீசுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்' என்றால், செய்ய வேண்டியதை விட்டு வசதியான பக்கம் போய்விட்டான் என்று சபையில் எல்லோருக்கும் புரியும். 'மீன் வயிற்று அனுபவம்' என்றால் தப்பிக்க வழியில்லாத ஒரு நெருக்கடிக்குள் ஜெபிக்கக் கற்றுக்கொண்ட காலம். ஆங்கில மாலுமியின் ஜோனா கூட இருக்கிறவனைக் கெடுக்கிறவன். நம் பிரசங்க மேடையின் யோனா தன்னிடமிருந்தே ஓடுகிறவன். இரண்டையும் குழப்பினால் மொழிபெயர்ப்பு தலைகீழாகும்.

யூதர்களிடம் இந்தப் பெயர் மனந்திரும்புதலோடு சேர்ந்தது. வருடத்தின் மிகப் பரிசுத்தமான நாளான யோம் கிப்பூரில், பட்டினியோடு இருக்கிற பிற்பகலில், ஜெப ஆலயத்தில் யோனா புத்தகத்தை முழுவதுமாக வாசிக்கிறார்கள்.

'ஜோனா காம்ப்ளெக்ஸ்' என்று உளவியல் புத்தகத்தில் பார்த்தேன். துரதிர்ஷ்டம் பற்றியதா?

இல்லை, அது நம் பிரசங்க அர்த்தத்துக்குப் பக்கத்தில் வருவது. அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ பரப்பிய பெயர். தோல்வியைக் கண்டு பயப்படுவது போலவே, தன்னால் ஆகக்கூடிய பெரிய காரியத்தைக் கண்டும் மனிதன் பயந்து விலகுகிறான் என்றார். உங்களில் யார் மிகச் சிறந்த நாவலை எழுதப்போகிறீர்கள் என்று வகுப்பில் கேட்பாராம். மாணவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்து நெளிவார்கள். நீங்கள் இல்லையென்றால் வேறு யார் என்பது அவருடைய அடுத்த கேள்வி.

துருக்கியில் டால்பினுக்கு யூனுஸ் என்று பேராமே, நிஜமா?

நிஜம். 'யூனுஸ் பாலுவு' என்பார்கள், யூனுஸின் மீன். பேச்சில் வெறும் 'யூனுஸ்' என்றாலே டால்பின்தான். விழுங்கப்பட்டவரின் பெயர் கடல் பிராணிக்கே போய்விட்டது. துருக்கியின் பெரிய சூஃபிக் கவி யூனுஸ் எம்ரே பெயரிலும் இருப்பது இந்த நபியின் பெயர்தான்.

யுனானி மருத்துவம் யூனுஸ் நபி பேர்ல வந்ததா? சோனகர், யவனர் எல்லாம் அதுதானா?

இல்லை. ஒலி ஒன்றுபோல இருப்பதால் வருகிற குழப்பம். பண்டைய கிரேக்கர்கள் வாழ்ந்த ஒரு பகுதிக்கு, இன்றைய துருக்கியின் மேற்குக் கரைக்கு, இயோனியா என்று பெயர். அதிலிருந்து எபிரேயத்தில் யாவான், அரபியில் யூனான், பாலியில் யோன, சமஸ்கிருதத்திலும் சங்கத் தமிழிலும் யவனர். யுனானி என்றால் கிரேக்க மருத்துவம். பின்பு அந்தச் சொல் மேற்கிலிருந்து கடல் வழியே வந்த அராபியருக்கும் ஆகி, 'யோனகர்', 'சோனகர்' என்று தமிழில் தங்கியது. இலங்கையில் இன்றும் சோனகர் என்பது வழங்குகிற பெயர். தீர்க்கதரிசியின் பெயருக்கும் இதற்கும் வேர்த்தொடர்பு இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அரபுக் கிறிஸ்தவர்களின் வேதாகமத்தில் இவர் யூனுஸ் இல்லை, 'யூனான்'. சிரியாக் மொழி வடிவமான 'யவ்னான்' வழியே வந்தது அது. கிரேக்க நாட்டுக்கும் அரபியில் யூனான்தான். ஆக அந்த ஒரு மொழியில், அந்த ஒரு சமூகத்தில், இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டன.

ஸ்காட்லாந்தில் அயோனா என்று ஒரு தீவு இருக்கிறதே?

அது ஒரு எழுத்துப் பிழையில் பிறந்த பெயர். 563இல் அங்கே மடம் அமைத்த துறவி கொலம்பா. லத்தீனில் அந்தப் பெயருக்குப் புறா என்று பொருள். கி.பி. 700 வாக்கில் அவருடைய வாழ்க்கையை எழுதிய அடோம்னான், எபிரேய யோனாவும் லத்தீன் கொலம்பாவும் ஒரே பெயர் என்று மகிழ்ந்து குறிப்பிட்டிருக்கிறார். தீவை மட்டும் அவர் 'இயோவா' என்ற மாதிரிதான் எழுதினார். பின்னால் பிரதி எடுத்தவர்கள் நடுவிலிருந்த எழுத்தை 'ன'கரமாக வாசித்துவிட்டார்கள். புறா என்ற பெயருள்ள துறவியின் தீவுக்குத் தவறுதலாகப் புறா என்றே பெயர் வாய்த்தது.

ஜோன்ஸ், ஜொனாதன் எல்லாம் இதே குடும்பமா?

இல்லை. ஜோன்ஸ், ஜான் வழியே யோவானிடம் போகும். ஜொனாதன் என்பது யோனத்தான், 'கடவுள் கொடுத்தார்' என்று பொருள். மிகவும் ஏமாற்றுவது லிதுவேனியா: அங்கே ஜோனஸ் என்று எழுதி யோனஸ் என்று சொல்லும் பெயர் யோவானுடையது. ஸ்நான யோவானின் பெருவிழாவுக்கு அங்கே 'யோனினேஸ்' என்று பெயர். லிதுவேனியரைப் பார்த்து நீங்கள் யோனாவின் பெயர் கொண்டவரா என்று கேட்டுவிடாதீர்கள்.

நினிவே இப்போ எங்கே இருக்கு? அவர் கல்லறையை இடிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

இராக்கின் மோசுல் நகரம். டைக்ரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் பழைய நினிவேயின் மேடுகள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயரே 'நபி யூனுஸ்'. முன்பு தேவாலயம் இருந்த இடம், பிறகு பள்ளிவாசல். யூனுஸ் நபி அடங்கிய இடம் என்று இரு மதத்தாரும் போய் வணங்கினார்கள். 2014 ஜூலையில் ஐஎஸ் அமைப்பினர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நகரம் மீட்கப்பட்ட பிறகு பார்த்தால், அடியில் தோண்டியிருந்த சுரங்கங்களில் அசீரிய அரண்மனையின் பகுதிகள் தெரிந்தன.

நினிவேயின் நினைவு நமக்குப் பக்கத்திலும் உயிரோடு இருக்கிறது. சிரியாக் மரபுச் சபைகள் தவக்காலத்துக்கு மூன்று வாரம் முன்பு நினிவே நோன்பு இருக்கின்றன. கேரளத்தில் அதை மூன்று நோன்பு என்பார்கள். குறவிலங்காட்டு மாதா கோயிலில் அந்த நாட்களில் மரக்கப்பல் ஒன்றைத் தோளில் தூக்கி, புயலில் ஆடுவது போல ஆட்டி ஊர்வலம் கொண்டுபோவார்கள்.

மத்தேயுவில் பேதுரு 'யோனாவின் குமாரன்'. திருவிவிலியத்தில் யோவான் நற்செய்தியைப் பார்த்தால் 'யோவானின் மகன்'. அப்பா பேர் எது?

மத்தேயு 16:17இல் இயேசு 'பர்யோனா' என்று அரமேயத்திலேயே கூப்பிடுகிறார். யோவான் 1:42இல் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் யோவான் என்கின்றன, பிற்காலப் பிரதிகள் பல யோனா என்கின்றன. பழைய பரிசுத்த வேதாகமம் பிற்காலப் பிரதிகளைப் பின்பற்றியதால் அதில் இரண்டு இடத்திலும் யோனா. திருவிவிலியம் பழைய பிரதிகளைப் பின்பற்றியதால் உங்களுக்கு வித்தியாசம் தெரிகிறது. யோவானின் எபிரேய வடிவமான யோகனான் என்பதன் சுருக்கமாக யோனா என்று கூப்பிட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். லிதுவேனியாவைப் பற்றி மேலே சொன்னதைப் பார்த்தால், இந்த இரண்டு பெயரும் எவ்வளவு சுலபமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் என்று தெரியும்.

இன்னொரு விளக்கம், அதை உவமையாகக் கொள்வது: யோனாவின் வழியில் வந்தவன் என்று. எனக்கு மனதுக்கு நெருக்கமானது அதுதான், அதற்குக் காரணம் அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரம். பேதுரு கடலோரத்தில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார். அந்நியர்களிடம் போ என்று அவருக்கும் கட்டளை வருகிறது. அவருக்கும் மனம் ஒப்பவில்லை, மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரின் பெயர் யோப்பா, யோனா கூலி கொடுத்துக் கப்பலேறிய அதே துறைமுகம். பேதுரு மறுநாள் எழுந்து, வந்தவர்களோடு கிளம்பிப் போகிறார்.